அரசுப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரப் போகிறேன், எதிலிருந்து தொடங்கலாம்?

ஒசூர்_சர்க்யூட்:
வணக்கம். எனக்கு சர்க்யூட் வடிவமைக்கும் வேலை. நான் படித்த அரசுப் பள்ளியின் அறிவியல் டீச்சர், ஆறாம் வகுப்புக்குச் செய்துகாட்டி ஏதாவது சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். போன மாதம் ஒரு ஆர்டுயினோ போர்டும் (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு போனேன். நாற்பது பிள்ளைகள், ஒரே போர்டு. முன்வரிசையில் ஆறு பேர் தொட்டுப் பார்த்தார்கள், மற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. "எங்க கைக்கு எப்ப சார் வரும்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த முறை என்ன கொண்டுபோவது?

கரும்பலகை_டீச்சர்:
தம்பி, போர்டை வீட்டில் வைத்துவிட்டு வாங்க. ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் மின்னியல் பாடமே இருக்கிறது, அதற்குள் வந்தால் டீச்சருக்கும் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. ஐந்து பேருக்கு ஒரு செட்: 3 வோல்ட் பட்டன் செல், சிவப்பு எல்இடி, இரண்டு துண்டு ஒயர், அவ்வளவுதான். எல்இடியின் நீளமான கால் செல்லின் பிளஸ் பக்கம் வர வேண்டும் என்று முதலில் சொல்லாதீங்க, திருப்பித் திருப்பி வைத்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் நடுவில் ஆணி, ரப்பர், சாக்பீஸ், இருபுறமும் சீவிய பென்சில் என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. பென்சிலில் எல்இடி எரியும், அந்த நேரம் வகுப்பில் வரும் சத்தம் இருக்கிறதே!

இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பு. பட்டன் செல்லை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்க, வீட்டில் தம்பி தங்கச்சி விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட், இந்த விளையாட்டு அங்கே கூடவே கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்க.

கோவை_மென்டார்:
டீச்சர் சொன்னதை அப்படியே செய்யுங்க. நான் ஒரு பள்ளியின் அடல் டிங்கரிங் லேபில் (பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பழக மத்திய அரசு மானியத்தில் அமைக்கும் கூடம்) தன்னார்வலராக வாரம் இரண்டு மணி நேரம் போய்வந்தேன். 2016-இல் தொடங்கிய திட்டம், ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் மானியம், 3டி பிரிண்டர் வரை எல்லாம் இருந்தது. ஆனால் முதல் வருடம் நானே வகுப்பெடுத்தேன், அதுதான் தவறு, ஏனென்றால் வேலை விஷயமாக மூன்று மாதம் நான் போக முடியாமல் போனதும் லேபும் பூட்டியே கிடந்தது. சாமான் இருந்தது, தைரியமாக எடுத்துப் பயன்படுத்த ஆள் இல்லை.

அடுத்த வருடம் மாற்றினேன். வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆசிரியரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் கையாலேயே எல்லாவற்றையும் மாட்ட வைத்து, எரியாவிட்டால் எங்கே பார்ப்பது என்பதையும் பழகிக்கொள்வோம் (செல் தீர்ந்ததா, எல்இடி திரும்பியிருக்கிறதா, ஒயர் உள்ளே அறுந்ததா, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்). மறுநாள் பாடம் எடுப்பது அவர். நான் பின்னால் நின்று, சிக்கிய குழுவுக்கு மட்டும் கைகொடுப்பேன். பிள்ளைகளின் கேள்விக்கு எந்த மட்டத்தில் பதில் சொன்னால் போதும் என்பது ஆசிரியருக்குத் தெரிகிற அளவு நமக்குத் தெரியாது.

ஒசூர்_சர்க்யூட்:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரோடு உட்காருவதாகப் பேசிவிட்டேன். பத்து செட் தயார் செய்கிறேன், எட்டு குழுவுக்கு, இரண்டு கூடுதல். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டுமா?

கரும்பலகை_டீச்சர்:
வாங்கிவிடுங்க தம்பி, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு வார்த்தை சொல்லுங்க, பெற்றோருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளியில் வானவில் மன்றக் கருத்தாளர் (அறிவியலும் கணிதமும் செய்துகாட்ட தமிழக அரசுத் திட்டத்தில் பள்ளிக்கு வருபவர்) வரும் நாளில் இதையே சேர்த்துச் செய்கிறோம், உங்கள் டீச்சரிடமும் கேட்டுப் பாருங்க. கூடுதல் இரண்டு செட்டையும் பள்ளியிலேயே விட்டுவிட்டு வாங்க, செல்லை மட்டும் டீச்சர் பூட்டி வைக்கட்டும்.