தடித்த சதுர எழுத்து: கட்டிங்ல ஓட்டை விழுது, உதவுங்க

போர்டு_தம்பி: ஏற்காடு ரிசார்ட் போர்டுக்கு நானே பண்ணின ஃபான்ட். மூலை உருட்டின சதுரம், நல்ல தடி. ஸ்க்ரீன்ல பக்கா. சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற வெட்டு மிஷின்) கட்டிங்குக்குப் போனா 'ற', 'டு' ரெண்டுலயும் கோடு சேர்ற இடம் ஓட்டையாகுது. நாளைக்கு டெலிவரி.

செவ்வாய்ப்பேட்டை_சிஎன்சி: எந்த சாஃப்ட்வேர்? எழுத்து உயரம்? அக்ரிலிக்கா, வினைலா? வெட்டுற பிட் (சுத்துற முனை) என்ன சைஸ்?

யூனிகோட்_பித்தன்: பழைய பாமினி என்கோடிங்கா (யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்துக் குறிமுறை) இருக்கும். யூனிகோடுக்கு மாத்துங்க, சரியாயிடும்.

வளைகோடு: கொம்பு இடம் மாறினா என்கோடிங்கைச் சொல்லலாம். ஓட்டைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அவுட்லைன்னா (எழுத்தோட விளிம்புக்கோடு) என்னன்னே தெரியாம ஃபான்ட் பண்ண இறங்கிடறாங்க. கோரல்ட்ரால எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கி வெல்டு போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏறின வடிவம் ஒண்ணாயிடும்.

போர்டு_தம்பி: ஃபான்ட்ஃபோர்ஜ்ங்கிற ஃபான்ட் சாஃப்ட்வேர்ல பண்ணி கோரல்ல எடுத்தேன். அக்ரிலிக், 150 மிமீ.

செவ்வாய்ப்பேட்டை_சிஎன்சி: வெறும் வெல்டு ஆபத்து. 'டு' சுழிக்குள்ள இருக்கிற வெற்றிடம் தனி கான்டூரா (மூடின விளிம்புக்கோடு) இருந்தா, பிரிச்சு வெல்டு போட்டதும் அது அடைஞ்சுடும். ஃபான்ட்லயே சரி பண்ணுங்க தம்பி. ஒரே திசைல ஓடுற ரெண்டு கான்டூர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா ஸ்க்ரீன் நிரப்பிக் காட்டும். கட்டிங் பக்கம் ஒண்ணு விட்டு ஒண்ணு கணக்கு, ரெண்டும் ஏறின இடத்தை வெற்றிடம்னு எடுத்துக்கும், அதான் ஓட்டை. ஃபைலைக் காப்பி எடுத்துட்டு ஃபான்ட்ஃபோர்ஜ் மெனுல அன்லிங்க் ரெஃபரன்ஸ் (வேற எழுத்துலேர்ந்து இணைச்ச பாகத்தைத் தனிக்கோடாக்கும்), கரெக்ட் டைரக்ஷன் (கோட்டுத் திசையைச் சரி பண்ணும்), அப்புறம் ரிமூவ் ஓவர்லேப் (ஏறினதை ஒண்ணாக்கும்). கடைசியா ஆட் எக்ஸ்ட்ரீமா (வளைவோட கடைசி முனைகள்ல புள்ளி வைக்கும்). 3 மிமீ பிட்னா உள்மூலை ஆரம் 1.5 மிமீக்குக் கீழ வராது, அதையும் பாருங்க. ரிசார்ட் பேரு என்ன?

போர்டு_தம்பி: சேர்வராயன்னு ஆரம்பிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை_சிஎன்சி: நெனச்சேன். 'ரா'வுல 'ர'வோட கீழ்வாலைச் சதுரத்துக்காக வெட்டியிருந்தா ரெண்டு கால் (ா) பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரி தெரியும். வாலைச் சாய்வா, எழுத்து நிக்கிற அடிக்கோட்டுக்குக் கீழ இறக்குங்க. 'ஏற்காடு'ல 'ஏ' வாலும் அப்படித்தான், போச்சுன்னா 'எ' ஆயிடும்.

யூனிகோட்_பித்தன்: இது 1952ல வந்த யூரோஸ்டைல்ங்கிற சதுர இங்கிலீஷ் ஃபான்ட்டோட காப்பிதானே? தமிழுக்குச் சதுரமே ஆகாது.

வளைகோடு: 1952ல வந்தது மைக்ரோகிராமா. டிசைனர்கள் புட்டியும் நொவாரேசேயும் இத்தாலி டூரின்ல இருந்த நெபியோலோ எழுத்து வார்ப்புக் கம்பெனிக்குப் பண்ணினது, பெரிய எழுத்து (கேப்பிடல்) மட்டும். சின்ன எழுத்தோட யூரோஸ்டைலை நொவாரேசே 1962ல கொடுத்தார். அதுலயும் மூலை வட்டத்துண்டு இல்லை, பக்கமே லேசா உப்பி வளையும். நேர்கோட்டுல கால்வட்டத்தை ஒட்டினா சேர்ற இடம் புடைச்சுத் தெரியும். சதுரம் ஆகாதாம்! ட, ப எல்லாம் என்ன வட்டமா?

யூனிகோட்_பித்தன்: 'ண' போட்டுப் பாருங்க சார், கட்டியா கறுத்துக் கிடக்கும்.

வளைகோடு: 'ட' தடிமனை அப்படியே 'ண'வுக்குக் கொடுத்தா கறுக்கத்தான் செய்யும். நிமிர்கோட்டை மெலிச்சு எழுத்தை அகலமாக்கணும்.

போர்டு_தம்பி: ரிமூவ் ஓவர்லேப் போட்டேன், ஓட்டை போச்சு. 'டு' சுழி மட்டும் கட்டிங்ல வர மாட்டேங்குது. நன்றி.

செவ்வாய்ப்பேட்டை_சிஎன்சி: சுழிக்குள்ள இருக்கிற வெற்றிடம் பிட்டை விடச் சின்னதா இருந்தா பிட் உள்ள போகாது. பிட் சைஸ் இன்னும் சொல்லல தம்பி.