படகின் மூடிகளுக்கும் வீல்ஹவுஸ் கதவுகளுக்கும் பெயிண்ட் தெளிக்க எந்த ஸ்பிரே கன் பொருந்தும்?

நாகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் விசைப்படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க இருக்கிறோம். உடற்பகுதிக்கு வழக்கம்போல ரோலரும் பிரஷும் போதும். ஆனால் வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) கதவுகள், மீன் அறையின் பைபர் மூடிகள், அலுமினியச் சன்னல் சட்டங்கள் ஆகியவற்றைத் தனியே கழற்றி, ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டைத் தெளிக்கலாம் என்று நினைக்கிறேன். என்னிடம் 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் இருக்கிறது. ஒரு கடையில் எச்.வி.எல்.பி. கன் (மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தருவது) வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில், உடற்பகுதிக்கும் சேர்த்துப் பயன்படும் என்று, காற்றைக் கலக்காமல் பெயிண்டையே அழுத்தித் தெளிக்கும் ஏர்லெஸ் இயந்திரத்தைப் பரிந்துரைக்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பட்டறைக்காரன்:

வணக்கம் ஐயா. கன்னைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் கம்ப்ரசர் உண்மையில் எவ்வளவு காற்றைத் தருகிறது என்பதைப் பாருங்கள். தகட்டில் பொறித்திருக்கும் எண் பெரும்பாலும் பிஸ்டன் இடப்பெயர்ச்சியை, அதாவது பிஸ்டன் தள்ளும் காற்றின் கணக்களவைக் குறிப்பது. கன்னுக்கு வந்து சேரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. 2 குதிரைத்திறன் இயந்திரத்திலிருந்து நிமிடத்திற்கு 5 அல்லது 6 கன அடி தொடர்ந்து கிடைத்தால் அதுவே நல்ல நிலை. கம்ப்ரசரில் இணைக்கும் எச்.வி.எல்.பி. கன்களில் பலவும் 10 கன அடிக்கு மேல் கேட்கும். முதல் மூடியைப் பாதி அடிப்பதற்குள் தொட்டியின் அழுத்தம் இறங்கிவிடும். பெயிண்ட் நுண்துளியாக உடையாமல், பரப்பு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாகக் காய்ந்துவிடும். எனவே உங்களிடம் இருக்கும் கம்ப்ரசருக்கு, 4 முதல் 6 கன அடியில் வேலை செய்யும் எல்.வி.எல்.பி. (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) வகைக் கன்தான் பொருந்தும். கிண்ணம் மேலே இருக்கும் வகையாகவும், மேல்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனையும் எபாக்சி பிரைமருக்கு 1.7 அல்லது 1.8 மில்லிமீட்டர் முனையும் சேர்ந்து கிடைப்பதாகவும் பார்த்து வாங்குங்கள்.

ஏர்லெஸ் இந்த வேலைக்கு வேண்டாம். அது சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டும் அதற்கு மேலுமான அழுத்தத்தில் பெயிண்டைத் தள்ளுவது. பெரிய இரும்புக் கப்பலின் பக்கச்சுவருக்கு ஏற்றது, சன்னல் சட்டத்துக்கு அல்ல. அதன் முனையில் விரல் பட்டால் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஊசி குத்தியதுபோலச் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது.

கன்னுக்குச் செலவிடும் அளவு அக்கறையை நீர்ப்பிரிப்பானுக்கும் காட்டுங்கள். நாகையின் காற்றில் ஈரம் மிகுதி. அழுத்தும்போது சூடாகும் காற்று குழாயில் குளிரும்போதுதான் நீராக மாறுகிறது. பிரிப்பானைக் கம்ப்ரசரை ஒட்டியே பொருத்தினால் காற்று சூடாக இருக்கும்போதே கடந்து போய்விடும், நீர் அதற்கப்பால் குழாயில் சேரும். ஏழெட்டு மீட்டர் குழாய்க்குப் பிறகு பொருத்தி, தொட்டியின் அடியிலுள்ள வால்வைத் திறந்து தினமும் நீரை வடித்துவிடுங்கள். குழாயும் 10 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்டதாக இருக்கட்டும். மெல்லிய குழாயிலேயே பாதி அழுத்தத்தை இழப்பவர்கள் பலர்.

கொண்டல்காற்று:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பாகங்களை மட்டுமே அடிக்கப்போகிறவர் டர்பைன் வகை எச்.வி.எல்.பி.யையும் எண்ணிப் பார்க்கலாம். அதற்குக் கம்ப்ரசரோ தொட்டியோ தேவையில்லை. ஊதுவிசிறியின் காற்று வெதுவெதுப்பாக வருவதால் குழாயில் நீர் திரளாது. குறைந்த அழுத்தம் என்பதால் மூடுபனிபோலப் பறந்து வீணாகும் பெயிண்டும் குறைவு. அதே வெதுவெதுப்பு மே மாத வெயிலில் எதிராகவும் வேலை செய்யும்: தின்னர் வழியிலேயே ஆவியாகி, பெயிண்ட் பரப்பில் படிந்து விரிவதற்கு முன்பே உலர்ந்து சொரசொரப்பாகிவிடும். பெயிண்ட் நிறுவனம் தரும் மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் பரப்பில் பனி இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்துவிட்டால் உப்பும் மணலும் ஈரப்பூச்சில் வந்து ஒட்டும். இடைப்பட்ட காலை நேரத்தில், மூன்று பக்கம் மறைத்த நிழலில் அடிப்பதே நல்லது. அதற்கு முன் எல்லாப் பாகங்களையும் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்குங்கள். புதிய பைபர் மூடியாக இருந்தால், அச்சிலிருந்து பிரிப்பதற்காகத் தடவிய மெழுகைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தெடுத்த பிறகே உப்புத்தாள் போட வேண்டும்; முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்து, பிரைமர் தகடு தகடாக உரியும்.

மருந்தகம்62:

கருவியைப் பற்றி மேலே உள்ளவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் மூச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இந்தத் துறையில் இருப்பவர்கள் மூக்கையும் வாயையும் சுற்றித் துண்டைக் கட்டுவதோடு பாதுகாப்பை முடித்துக்கொள்வதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பாலியூரித்தேன் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. பிரஷால் பூசும்போது ஆபத்து குறைவு. தெளிக்கும்போது அது நுண்துளிகளாக நுரையீரலை அடைகிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே ஆஸ்துமா தூண்டப்படும். அபாயமான அளவிலும் வாசனை தெரியாமல் போகலாம் என்பதால், முகமூடியின் வடிகட்டி தீர்ந்துவிட்டதை மூக்கால் அறிய முடியாது. துணி முகமூடியால் எந்தப் பயனும் இல்லை. தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசமே உரிய பாதுகாப்பு. அந்தக் காற்றை எண்ணெய் ஊற்றி ஓட்டும் பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து எடுக்கக் கூடாது. கவசத்துக்கு வழியில்லையென்றால் தெளிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, நுரை ரோலரால் பூசி, ஈரம் காயுமுன் மென்மையான பிரஷால் நீவிவிடுங்கள். கைப்பக்குவம் உள்ளவர் செய்தால் கதவுகள் அருமையாக அமையும்.

நாகைக்கரை:

மூவருக்கும் நன்றி. கவசத்துக்கு இப்போது வழியில்லை. ஆகவே பாலியூரித்தேனை ரோலரால் பூசுவதாக முடிவு செய்துவிட்டேன். அலுமினியச் சட்டங்களுக்குத் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா?

பட்டறைக்காரன்:

நல்ல முடிவு ஐயா. அலுமினியத்தைத் தேய்த்த உடனேயே அதன் மேல் மீண்டும் ஆக்சைடு படலம் உருவாகத் தொடங்கும். ஆகவே எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்து, ஒரு வேளையில் பூசி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தேய்த்து, அன்றே எபாக்சி பிரைமரைப் பிரஷால் பூசிவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் அலுமினியத்தைத் தொடும் துளைகளில்தான் அரிப்பு தொடங்கும் என்பதால், துளையின் உட்புறத்திலும் பிரைமர் படியவேண்டும். திருகை மாட்டும்போது நைலான் வாஷர் வைத்துவிடுங்கள்.