டீப் பர்ப்பிள்: புதிதாகக் கேட்பவருக்கு எந்த ஆல்பம்?

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளின் ஆல்பங்களில் என் ஓட்டு ‘மெஷின் ஹெட்’ (1972). கிடார் வகுப்புக்குப் போன எல்லோரையும் போல நானும் அதிலுள்ள ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலின் ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை, தட்டிக்கொண்டு திரிந்தவன்தான். ஆல்பத்தின் மேல் பைத்தியம் பிடித்தது அது உருவான கதையைப் படித்த பிறகு.

1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோவில் ஒரு கசினோவில் பதிவு செய்யத் திட்டம். அங்கே அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரியின்போது யாரோ ஃபிளேர் துப்பாக்கியால் (தீப்பிழம்பு விடும் சமிக்ஞைத் துப்பாக்கி) சுட, கட்டடமே எரிந்துபோனது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாடலில் வரும் புகை அதுதான். அடுத்து பெவிலியன் என்ற அரங்குக்குப் போனார்கள். சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். கடைசியில், குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சாத்திவைத்து வாசித்தார்கள். பதிவுக் கருவிகள் இருந்ததோ வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வண்டியில். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டிப் போகவேண்டும். அலுத்துப்போய் அதையே விட்டுவிட்டார்களாம்.

இந்த ஆல்பத்தின் ‘லேஸி’ பாடலை ஹெட்போனில் கேளுங்கள். ஆரம்பத்தில் உறுமுவது குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் ஆர்கன். அதை கிடாருக்கான மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக விட்டு அலற வைப்பது அவருடைய வழக்கம். கிடார் என்றே நினைத்துக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

*

மேலே எழுதிய நண்பருடன் சண்டையில்லை. ஆனால் ‘ஹைவே ஸ்டார்’, ‘லேஸி’, ‘ஸ்மோக்’, ‘ஸ்பேஸ் டிரக்கின்’ நான்குமே ‘மேட் இன் ஜப்பான்’ லைவ் ஆல்பத்திலும் இருக்கின்றன. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவானது. எங்கள் ஹாஸ்டலில் ஒருவன் இதைப் போட்டால் மாடி முழுக்கக் கேட்கும். ‘ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்’ பாட்டில் ரிட்சி பிளாக்மோர் கிடாரில் ஒரு துணுக்கு வீச, இயன் கில்லன் அதை அப்படியே தொண்டையில் திருப்பிக் கொடுப்பார். நம் கச்சேரியில் வயலின்காரர் செய்வதை இங்கே பாடகர் செய்கிறார், அவ்வளவுதான். அந்த இடத்தில் மட்டும் சீட்டாட்டம் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை: இதில் ‘ஸ்பேஸ் டிரக்கின்’ ஏறக்குறைய 20 நிமிடம். புதியவர் அதில் தொடங்கினால் ஓடியே போய்விடுவார்.

*

இரண்டு பேரும் 1970-ஐ மறந்துவிட்டீர்களே! மலையில் ஐந்து பேரின் முகத்தையும் செதுக்கியது மாதிரி அட்டை போட்ட ‘இன் ராக்’தான் என் சிபாரிசு. அக்கா மகளுக்கு அதைத்தான் கொடுத்தேன். ‘ஸ்பீட் கிங்’ தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து போடும் இரைச்சலிலேயே அவள் விழுந்துவிட்டாள். அன்றைய அமெரிக்கப் பதிப்பில் அந்தத் துண்டை வெட்டிவிட்டார்கள், பழைய இசைத்தட்டு வாங்குபவர்கள் பார்த்து வாங்குங்கள். பத்து நிமிட ‘சைல்ட் இன் டைம்’ மட்டும் அவள் இன்னும் முழுசாகக் கேட்டபாடில்லை. சரி, கேட்கிறபோது கேட்கட்டும்.