ஜிஆர்இ: வீட்டிலிருந்தா, மையத்திலா?

கேள்வி: வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்குக் கேட்கிற ஜிஆர்இ தேர்வை வீட்டுக் கணினியிலும் எழுதலாம், தேர்வு மையத்திலும் எழுதலாம். வினாக்களும் நேரமும் (1 மணி 58 நிமிடம்) ரெண்டு இடத்திலும் ஒண்ணுதான். அப்போ எதை வெச்சு முடிவு பண்றது? கணக்குப் பகுதியில நான் நிறைய எழுதிப் பார்க்கிற ஆள்.

பதில் 1: அப்போ மையம்தான். அங்கே தாளும் பென்சிலும் தருவாங்க, தீர்ந்தா மறுபடி கேட்கலாம். வீட்டில் சாதாரணத் தாளுக்கு அனுமதி இல்லை. சின்ன வெள்ளைப்பலகை, இல்லைன்னா கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள்ள வெச்ச தாள், கூடவே அழிக்கக்கூடிய மார்க்கர், இவ்வளவுதான். தடி நுனி மார்க்கர்னா ஒரு சமன்பாடே பாதிப் பலகையை அடைச்சுடும். துடைச்சா முந்தைய படியும் போச்சு. கடைசியில எல்லாத்தையும் கேமராவில் காட்டி அழிக்கணும். வீடுதான்னு முடிவானா, மாதிரித் தேர்வையும் பலகையிலேயே எழுதிப் பழகுங்க. மெல்லிய நுனி வாங்குங்க.

பதில் 2: வீட்டில் எழுதறதுன்னா அறையையும் பாருங்க. தனி அறை, கதவு சாத்தியிருக்கணும், கேமரா வழியா பார்க்கிற கண்காணிப்பாளருக்குக் கதவு தெரியணும். இயர்போன் கூடாது, ஸ்பீக்கர்தான். இரண்டாவது திரையைக் கழற்றிடுங்க. அலுவலக லேப்டாப் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கட்டுப்பாடுகள் தேர்வுக்கான உலாவியை நிறுவ விடாம தடுக்கலாம். கணினி தேர்வுக்கு ஒத்துவருமான்னு பார்க்கிற கருவிச் சோதனையை, தேர்வு எழுதப்போற அதே கணினியில், அதே இணைப்பில், முன்பதிவுக்கு முன்னாடியே ஓட்டிப் பாருங்க.

கேள்வி கேட்டவர்: நடுவில் எழுந்து போகலாமா?

பதில் 2: திட்டமிட்ட இடைவேளை கிடையாது. வீட்டில் அனுமதியில்லாம இருக்கையை விட்டு எழுந்தா தேர்வே ரத்தாகலாம்.

பதில் 3: எங்கே எழுதினாலும் முன்பதிவில் இருக்கிற பெயர் நீங்க காட்டப்போற அடையாள ஆவணத்தில் (பாஸ்போர்ட் மாதிரி) உள்ளபடியே இருக்கணும். இனிஷியல் வெச்சிருக்கிறவங்க இதில்தான் மாட்டிக்கிறாங்க.