புதுப்பிப்பு: ராத்திரி ரீஸ்டார்ட் ஆகிற கம்ப்யூட்டர்

போன வாரம் புலம்பியிருந்தேனே, கல்யாண வீடியோவை ரெண்டர் (எடிட் பண்ணினதை முழு வீடியோ ஃபைலா மாத்துற வேலை) போட்டுட்டுத் தூங்கப் போனேன், விடிஞ்சு பார்த்தா அப்டேட் முடிஞ்சு லாகின் திரைதான் இருந்ததுன்னு. அதோட தொடர்ச்சி.

முதல்ல, தப்பு என்னோடதுதான். விண்டோஸ் அப்டேட்டில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்'னு ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துக்குள்ள தானா ரீஸ்டார்ட் ஆகாது. அதிகபட்சம் 18 மணி நேரம்தான் வைக்க முடியும். நான் சமர்த்தா காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை வெச்சிருந்தேன். மிச்சம் 6 மணி நேரம்? சரியா என் ரெண்டர் ஓடுற நேரம்! இப்போ தலைகீழா மாத்திட்டேன்: சாயங்காலம் 6 முதல் மறுநாள் மதியம் 12 வரை.

என்கிட்ட இருக்கிறது விண்டோஸ் ப்ரோ பதிப்பு. அதனால ஒரு நண்பர் சொன்ன குரூப் பாலிசியையும் (விண்டோஸ் எப்படி நடந்துக்கணும்னு கட்டுப்படுத்துற அமைப்பு) போட்டேன். 'நோ ஆட்டோ ரீஸ்டார்ட் வித் லாக்டு ஆன் (logged on) யூசர்ஸ்'னு தொடங்கும், அதாவது யாராவது லாகின்ல இருந்தா தானா ரீஸ்டார்ட் ஆகாது. அது மட்டும் போதாது. 'கான்ஃபிகர் ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ்'ங்கிற இன்னொரு பாலிசியில 4-ஆவது தேர்வும் (அப்டேட்டைத் தானா இறக்கி, குறிச்ச நேரத்துல நிறுவுறது) இருந்தாத்தான் வேலை செய்யும். இதுல நான் அரை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். ஹோம் பதிப்புல இந்த பாலிசி எடிட்டரே கிடையாது. இன்னொண்ணு, லாகின்ல இருந்தாத்தான் இது காப்பாத்தும்; அதனால சைன் அவுட் பண்ணிட்டுப் போகாதீங்க, திரையை லாக் மட்டும் பண்ணுங்க.

நேத்து ராத்திரிதான் சோதனை. அப்டேட் இறங்கியிருக்கு. காலையில பவர் ஐகான் ஓரமா ஆரஞ்சுப் புள்ளி (ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருக்குன்னு அடையாளம்), பக்கத்து ஜன்னல்ல ரெண்டர் 100%. பெண் வீட்டாருக்கு பென்டிரைவ் கொடுத்தனுப்பிட்டு, நானே ரீஸ்டார்ட் அமுக்கினேன்.