1557-இன் டாட்டெல் தொகுப்பு காதல் கவிதைகளைக் காத்ததா, கெடுத்ததா?

ஏட்டுச்சுவடி:
லண்டன் ஃபிளீட் தெருவில் சட்ட நூல்களை அச்சிட்டுவந்த ரிச்சர்டு டாட்டெல் 1557 ஜூன் 5 அன்று வெளியிட்ட 'பாடல்களும் சானெட்டுகளும்' (சானெட் என்பது பதினான்கு வரிக் கவிதை) தொகுப்பைக் கொண்டாடுகிறவர்கள், அதிலுள்ள ஆங்கில அரசவைக் கவிஞர் தாமஸ் வயட்டின் கவிதைகள் அவர் எழுதியபடி இல்லை என்பதைக் கண்டுகொள்வதில்லை. முன்பு தன் அறைக்கு வெறுங்காலுடன் வந்தவர்கள் இப்போது விலகி ஓடுகிறார்கள் என்று தொடங்கும் கவிதையைப் பாருங்கள். வயட்டிடம் இருந்த கையெழுத்துப் பிரதியில் 'அது கனவன்று. விழித்தே கிடந்தேன்' என்றிருக்கும் வரியில், அச்சுப் பதிப்பு ஓர் 'ஏனெனில்' நுழைத்து ஓசையைச் சீராக்குகிறது. நம்ப முடியாததைக் கண்டவனின் திகைப்பு, வழக்கில் சொல்லும் சாட்சியமாகிவிடுகிறது. இறுதியில் 'இத்தனை அன்பாக நான் நடத்தப்பட்டேன்' என்று அவர் கசந்து சொன்னதை 'அன்பின்றி' என்று மாற்றியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை; கவிதையின் முள்ளே அதுதான்.

அச்சுக்கோப்பன்:
ஐயா, அந்த மாற்றங்களை நானும் விரும்பவில்லை. ஆனால் வயட் 1542-இல் இறந்துவிட்டார். தொகுப்பின் இன்னொரு கவிஞரான சர்ரே பிரபு 1547-இல் தலை வெட்டப்பட்டார். அவர்களுடைய கவிதைகள் அரசவை வட்டத்துக்குள் கைமாறிக்கொண்டிருந்தன. இத்தகைய செல்வத்தைப் பூட்டிவைத்தவர்களைக் கண்டித்து முன்னுரை எழுதிய டாட்டெல், 271 கவிதைகளைக் காசு கொடுத்து வாங்குகிற எவருக்கும் கிடைக்கச் செய்தார். ஜூலை 31-க்குள் இரண்டாம் பதிப்பும் தேவைப்பட்டது. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில், பெண் கேட்க வந்து பேச்சு வராமல் தவிக்கும் ஸ்லெண்டர், நாற்பது ஷில்லிங்கைவிட இந்தப் புத்தகம் கையிலிருந்தால் போதும் என்று ஏங்குகிறான். காதலிக்கச் சொல் தேடியவர்களுக்கு அது அவ்வளவு வேண்டியிருந்தது.

முல்லைக்கொடி:
எனக்கு உறுத்துவது தலைப்புகள். 'கைவிடப்பட்டதைக் காதலன் உரைப்பது' என்ற பாணியில் அச்சகம் சேர்த்த தலைப்புகள், இன்னாருக்காக இன்ன தருணத்தில் எழுதியதைப் பெயரற்ற ஒரு காதலனின் புலம்பலாக்குகின்றன. அரசவையினர் கைமாற்றி எழுதிச் சேர்த்த கவிதை ஏடான டெவன்ஷயர் கையெழுத்துப் பிரதியிலோ மேரி ஷெல்டன், மார்கரெட் டக்ளஸ் முதலிய பெண்களே எழுதியிருக்கிறார்கள். ரகசியமாக மணம் பேசியதற்காக 1536-இல் மார்கரெட்டும் தாமஸ் ஹோவர்டும் சிறைப்பட்டபோது எழுந்த கவிதைகளும் அதில் உள்ளன. அந்த உயிரோட்டம் அச்சில் எங்கே?

அச்சுக்கோப்பன்:
முழுவதும் போய்விடவில்லை, அம்மா. கடல் கடந்த காதலனை எண்ணி ஒரு பெண் வருந்துவதாக சர்ரே எழுதிய கவிதை, நீங்கள் சொல்லும் பிரதியில் அவருடைய தங்கை மேரியின் கையெழுத்தில் இருக்கிறது; டாட்டெலும் அதைப் பெண் குரலாகவே அச்சிட்டார். தலைப்புகள் வரம்பிடுகின்றன என்பதை ஏற்கிறேன். ஆனாலும் அரசவையை அறியாத வாசகருக்கு, யார் எந்நிலையில் பேசுகிறார் என்று காட்ட வேறு வழி இருக்கவில்லை.

ஏட்டுச்சுவடி:
பரப்பியதற்கு டாட்டெலுக்கு நன்றி சொல்ல நான் தயங்கவில்லை; திருத்தியதற்குத்தான் பொறுப்பேற்கச் சொல்கிறேன். அந்த வயட் கவிதையை இனி இங்கே மேற்கோள் காட்டுகிறவர்கள், கையெழுத்துப் பிரதியின் பாடமா 1557 பாடமா என்பதைக் குறிப்பிட்டுவிட்டு வாதத்தைத் தொடருங்கள்.