பி.எஃப். பென்ஷனை நம்பி இருந்துவிடலாமா, தனியாகவும் சேர்க்க வேண்டுமா?

காவேரிப்பட்டணத்தான்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. ஓசூர் சிப்காட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2004 முதல் பி.எஃப். பிடித்தம் இருக்கிறது, இடையில் இரண்டு முறை கம்பெனி மாறியிருக்கிறேன். மனைவிக்கு 39 வயது, வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். சொந்த வீடும், ஊரில் அரை ஏக்கர் மாந்தோப்பும் உண்டு. 58 வயதில் பி.எஃப். பென்ஷன், 60-க்குப் பிறகு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், மருத்துவத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை என்று எல்லாம் இருப்பதால், இப்போதைய சம்பளத்தை முழுவதும் பிள்ளைகளின் படிப்புக்கே செலவிடலாம் என்பது என் எண்ணம். மாதம் 5,000 ரூபாயாவது தனியாக ஒதுக்கியே தீர வேண்டும் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி?

ஓய்வுபெற்ற ஃபிட்டர், ஓசூர்:

தம்பி, முதலில் பென்ஷன் எவ்வளவு வரும் என்று பாருங்கள். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதே இ.பி.எஸ். (பி.எஃப். உடன் வரும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) கணக்கு. பலரும் மொத்தப் பணிக்காலத்துக்கும் 15,000 ரூபாய் என்று போட்டுப் பெரிய தொகையை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் 2014 ஆகஸ்ட் வரையிலான காலத்துக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 6,500 ரூபாய்தான், அதற்குப் பிந்தைய காலத்துக்கே 15,000. உங்களுக்கு முதல் 10 ஆண்டுகளுக்குச் சுமார் 930 ரூபாயும், அடுத்த 22 ஆண்டுகளுக்குச் சுமார் 4,710 ரூபாயும், 20 ஆண்டு பணி முடித்தவர்களுக்குக் கூட்டித் தரும் 2 ஆண்டுகளுக்குச் சுமார் 430 ரூபாயும் சேர்ந்து மாதம் 6,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். இதற்குப் பஞ்சப்படி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 70 வயதில் அதே 6,000 ரூபாய் பாதிப் பொருளைத்தான் வாங்கித் தரும். உங்களுக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி வரும்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதமும் நிர்வாகத்தின் பங்கில் பென்ஷனுக்குப் போனது போக மீதமும் உங்கள் பெயரில் சேரும் பணம். அது உங்கள் சேமிப்பு, அரசின் உதவி அன்று. அதில் 10 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இப்போதைய 8.2 சதவீத வட்டிக்குப் போட்டால் காலாண்டுக்கு 20,500 ரூபாய் கிடைக்கும், அதாவது மாதத்துக்குச் சுமார் 6,830 ரூபாய், பென்ஷனை விட அதிகம். ஆகவே வீடு பூசவும் வண்டி வாங்கவும் அதை எடுக்காமல் இருப்பதுதான் உங்கள் முதல் சேமிப்பு.

பாலக்கோடு வாசகி:

அண்ணா, முதியோர் உதவித்தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஆதரவற்றோருக்கானது, வீடு, தோப்பு, பென்ஷன் மூன்றும் உள்ளவரின் மனுவைத் தனி வட்டாட்சியர் தள்ளுபடி செய்வதே முறை. அதற்காக அரசு நமக்கு எதுவும் தரவில்லை என்று ஆகாது. ரேஷன் அரிசி, காப்பீட்டு அட்டை, 2021-இல் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவை மாதச் செலவை உண்மையாகவே குறைக்கின்றன. ஆனால் குறைகிற செலவு வேறு, கைக்கு வருகிற வருமானம் வேறு.

எனக்கு அதிகக் கவலை அண்ணியைப் பற்றித்தான். அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயது வரைதான் சேர முடியும். அவர் வருமான வரி கட்டாதவர் என்பதால் தடை இல்லை. 39 வயதில் சேர்ந்தால் மாதம் 1,318 ரூபாய் கட்டி, 60 வயதிலிருந்து மாதம் 5,000 ரூபாய் பெறலாம்.

மைத்துனர் சொல்லும் 5,000 ரூபாய் சரிதான். அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதே கேள்வி. எங்கள் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். எளிதாக எடுக்கக்கூடிய பணம் காதுகுத்துக்கும், சீருக்கும், மச்சினனின் போர்வெல்லுக்கும் போய்விடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். பென்ஷனை யாரும் மொத்தமாகக் கைமாற்றுக் கேட்க முடியாது. அதனால் சேமிப்பும் சுலபத்தில் கை வைக்க முடியாத இடத்தில் இருக்கட்டும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு, தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து 15 ஆண்டுகள். இன்று தொடங்கினால் உங்களுக்கு 62, 63 வயதில் முதிரும்.

ஊத்தங்கரை விவசாயி:

தோப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மா ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் ஏய்க்கும். பெங்களூரா ரகம் என்றால் கூழ் ஆலைகள் வைப்பதுதான் விலை. குத்தகைக்கு விட்டால் கவலை குறையும், தொகையும் குறையும். அதை ஆண்டுக்கு ஒரு முறை வரும் உபரியாக எழுதிக்கொள்ளுங்கள், மாத வருமானத்தில் சேர்க்காதீர்கள். என் யோசனை, பணம் இருந்தால் நிலமே வாங்குங்கள், விலை ஏறும்.

காவேரிப்பட்டணத்தான்:

மூவருக்கும் நன்றி. நிலம் வாங்கும் யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை. மருந்துச் செலவுக்காக மனையில் ஒரு துண்டை மட்டும் விற்க முடியாதே. அடல் பென்ஷனுக்கு நாளையே மனைவியை வங்கிக்கு அழைத்துச் செல்கிறேன். ஃபிட்டர் அண்ணனிடம் ஒரு சந்தேகம்: முதல் கம்பெனியை விட்டபோது கணக்கை மாற்றினேன் என்றுதான் நினைவு. ஆனால் படிவம் 10சி கொடுத்துப் பென்ஷன் பங்கை எடுத்திருந்தால் என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற ஃபிட்டர், ஓசூர்:

எடுத்திருந்தால் அந்த ஆண்டுகள் பணிக்காலத்தில் சேராது. மீதி ஆண்டுகளை வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போட வேண்டும். 10 ஆண்டு என்ற குறைந்தபட்சத் தகுதி எப்படியும் உங்களுக்கு உண்டு. பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் யு.ஏ.என். எண் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) கொடுத்துப் பணி வரலாற்றைத் திறந்து பாருங்கள். மூன்று கம்பெனிகளும் அதில் இருக்கின்றனவா, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் சரியா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். தேதி விடுபட்டிருந்தால் பழைய கம்பெனி இயங்கும்போதே திருத்திக்கொள்வது எளிது.